‘தமிழ்’ ஏன் ‘துமிழ்’ ஆகிறது? ஆய்வுக் கட்டுரைக்கான எழுத்தும் மென்பொருளும் கோப்பும்

ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு கொமினிகேஷன் கடையில் தட்டச்சு செய்து வாங்கிய ஆய்வேட்டைப் பேராதனை விடுதியிலுள்ள வேறொரு கணினியில் திறந்தால், சில வேளை தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குறிகள் வரிசையாக நிற்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். பழுது எதுவும் இல்லை. தொடக்கத்திலிருந்தே அந்தக் கோப்பில் இருந்தவை அந்த ஐந்து குறிகள்தாம். அவற்றுக்கு ‘தமிழ்’ என்று வேடம் போட்டுக் காட்டியது பாமினி எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிட்டது.

எழுதும் மென்பொருள் வேர்டா, கட்டளைகளால் பக்கம் அமைக்கும் லேடெக்கா, கோப்பு வடிவம் டொக்எக்ஸா பிடிஎப்பா என்பது ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு முதற் கேள்வி. தமிழில், அதிலும் பாமினி இன்னும் ஓய்வுபெறாத இலங்கையில், அது இரண்டாவது கேள்விதான். எழுத்து எந்தக் குறியீட்டில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தீர்த்துவிட்டால் மற்றத் தெரிவுகள் பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடும். அதைத் தீர்க்காமல் எவ்வளவு நல்ல மென்பொருளை வாங்கினாலும் பயனில்லை.

பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. வேர்ட் இதை ஆங்கிலம் என்று நம்பி, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்குகிறது. வாக்கியத்தைத் தொடங்கும் ‘தமிழ்’ கண்முன்னாலேயே ‘துமிழ்’ ஆவது இப்படித்தான். சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. ‘மலையகம்’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை இங்கே அச்சிட வேண்டியதில்லை. மலையகம் பற்றிய ஆய்வேடு ஒன்றை மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். வேர்டின் தெரிவுகளில் தானியங்கித் திருத்தம் என்ற பகுதிக்குப் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அடையாளத்தை எடுத்துவிட்டால் இது நிற்கும். ஆனால் அது முதலுதவி மட்டுமே.

ஏனென்றால் பாமினியில் இருக்கும் கட்டுரை கணினியின் கண்ணுக்குத் தமிழே அல்ல. தேடுபொறி அதில் ‘கொழுந்து’ என்ற சொல்லைக் காணாது. களவு ஒப்பீட்டு மென்பொருள் அதைப் பொருளற்ற ஆங்கிலமாகப் படிக்கும். சஞ்சிகையின் இணையப் படிவத்தில் ஆய்வுச் சுருக்கத்தை ஒட்டினால் எழுத்துரு கூடவே வராது. குறிகள் மட்டுமே வரும். வின்டோஸ் 2000 வெளிவந்தபோதே, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டில் தமிழும் லதா எழுத்துருவும் அதனோடு வந்துவிட்டன. ஆகவே யூனிகோட் புதிய சங்கதி என்ற சாக்கு இனிச் செல்லாது.

பலர் பாமினியை விடாததற்குக் காரணம் விரல் பழக்கம். விரல் பழகிய விசைமுறை வேறு, கோப்பில் சேரும் குறியீடு வேறு என்பதைத் தட்டச்சுக் கடைகளில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைமுறையைத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். ஜேயை அழுத்தினால் அதே ‘த’ விழும். ஆனால் சேமிக்கப்படுவது யூனிகோட் ‘த’. இருபது வருடப் பழக்கத்தை மாற்றாமலே குறியீட்டை மாற்றிக்கொள்ள முடியும்.

ஏற்கெனவே பாமினியில் கிடக்கும் அத்தியாயங்களை இணையத்திலுள்ள மாற்றிகளில் ஒட்டி யூனிகோட்டாக்குவது வழக்கம். இங்கேதான் சத்தமில்லாமல் பிழைகள் நுழைகின்றன. மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. கட்டுரை நடுவே ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் ‘டீ’ என்ற சொல், அதாவது டீ, ஈ, ஏ என்ற மூன்று எழுத்துகள் இருந்தால், அதை ‘வநய’ என்று ஆக்கித் தந்துவிடும். காற்புள்ளி இன்னும் மோசம். பாமினியில் காற்புள்ளி விசையில் உட்கார்ந்திருப்பது ‘இ’. அதனால் ஆங்கில உசாத்துணைப் பட்டியலை அப்படியே மாற்றியில் போட்டால், ஆசிரியர் பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவே இருந்த காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகிவிடும். பழைய கட்டுரைகளில் காரணமே இல்லாமல் ‘இ’ தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிறப்பு இங்கேதான்.

ஆகவே முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேர்டின் விரிவான தேடலில் சொல் எதையும் எழுதாமல், வடிவமைப்பில் எழுத்துரு பாமினி என்று மட்டும் கொடுத்துத் தேடினால் பாமினிப் பகுதிகள் மட்டும் தெரிவாகும். அவற்றுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டால் எதை மாற்றியில் போடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று கண்ணுக்குத் தெரியும். பந்தி பந்தியாக மாற்றி, வெறும் எழுத்தாக மட்டும் ஒட்ட வேண்டும். அடிக்குறிப்புகள் இந்த வழியில் கூடவே வராது. அவற்றைத் தனியே எடுத்து மாற்றி, அதே குறிப்பின் உள்ளே திரும்ப வைக்க வேண்டும். எண்பது அடிக்குறிப்புள்ள அத்தியாயத்துக்கு ஒரு முழுப் பகல் போகும். ஆனால் இதில் குறுக்கு வழி தேடியவர்கள் கடைசியில் இரண்டு பகல் செலவழித்திருக்கிறார்கள்.

மாற்றி முடித்த பிறகு தேடிப் பார்க்க வேண்டிய மூன்று பிழைகள் உண்டு. கண்ணால் பார்த்தால் மூன்றும் அகப்படா. முதலாவது, ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்திருப்பது. திரையில் ‘ஆசிரியர்’ என்றே தெரியும், தேடினால் கிடைக்காது. துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்துத் தேடி ‘ர்’ என்று ஒரேயடியாக மாற்றிவிடலாம், ஏனெனில் தமிழில் அந்தச் சேர்க்கை வேறு எங்கும் வராது. இரண்டாவது, ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக நிற்பது. இதை ஒரேயடியாக மாற்றக் கூடாது; ‘வெள்ளம்’, ‘தெளிவு’ எல்லாம் கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். மூன்றாவது ‘ஸ்ரீ’. யூனிகோட்டில் இதை இரண்டு விதமாக எழுதலாம், இரண்டும் ஒரே உருவில் தோன்றும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியைப் பற்றிய கட்டுரையில் அந்தப் பெயர் பாதி இடங்களில் ஒரு விதமாகவும் மீதியில் இன்னொரு விதமாகவும் இருந்தால், சொல்லடைவு தயாரிக்கும்போது ஒரே கல்லூரி இரண்டு கல்லூரிகளாகிவிடும்.

எழுத்து சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, கோப்பு எந்த வடிவில் போக வேண்டும்? அதை வாங்கும் கை என்ன செய்யப் போகிறது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். திருத்தப் போகிறவருக்கு டொக்எக்ஸ். வாசிக்கவும் அச்சிடவும் போகிறவருக்கு பிடிஎப். நூலகத்தில் நிரந்தரமாக வைக்கப் போகிறவருக்கு பிடிஎப்-ஏ. மேற்பார்வையாளருக்கு பிடிஎப் அனுப்பிவிட்டுத் திருத்தம் வரவில்லையே என்று காத்திருப்பதும், அச்சுக் கடைக்கு டொக்எக்ஸ் கொண்டுபோய்ப் பொருளடக்கத்தின் பக்க எண்கள் மாறி வருவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேர்ட் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், வரி நகரும், 112 பக்க ஆய்வேடு 118 ஆகிவிடும்.

வேர்ட் 2007 முதல் வழக்கிலுள்ள டொக்எக்ஸ் உண்மையில் ஒரு சிப் பொதி. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மாற்றி சிப் என்று எழுதித் திறந்தால் உள்ளே எழுத்து ஒரு கோப்பிலும் படங்கள் தனிக் கோப்புறையிலும் இருப்பதைப் பார்க்கலாம். ஆவணம் திறக்க மறுக்கும் நாளில் இந்த அறிவு கைகொடுக்கும்; குறைந்தபட்சம் படங்களையாவது மீட்கலாம். பழைய டொக் வடிவம் அப்படிப் பிரியாது. அதைக் கேட்டு வாங்கும் இடம் தவிர வேறெங்கும் அதில் சேமிக்க வேண்டாம். பல சஞ்சிகைகள் பயன்படுத்தும் ஓஜேஎஸ் என்ற திறந்த சமர்ப்பிப்பு மென்பொருளின் வழக்கமான நிபந்தனைப் பட்டியல் ஓபன்ஒபிஸ், வேர்ட், ஆர்டிஎப் ஆகிய மூன்றையும் ஏற்கும். ஆகவே வேர்ட் வாங்கப் பணமில்லை என்பது பெரிய தடை அல்ல. லிப்ரேஒபிஸ் இலவசம், திருட்டுப் பிரதி வேர்டை விட நிச்சயமாக நல்லது.

ஆனால் லிப்ரேஒபிஸைப் போட்டவுடன் ஒரு வேலை இருக்கிறது. மொழி அமைப்புகளில் சிக்கல் எழுத்து முறை என்ற பகுதியை இயக்கி, அதற்குரிய மொழியாகத் தமிழைத் தெரிய வேண்டும். அப்போதுதான் எழுத்துருப் பெட்டியில் தமிழுக்கென்று தனி இடம் தோன்றும். வேர்டிலும் இதே பிரிவு ஒளிந்திருக்கிறது. ஒரே பந்திப் பாணிக்குள் இலத்தீன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துருவும் அளவும் இருக்கின்றன. ‘பாணியில் 12 என்று கொடுத்தேன், ஆங்கிலம் மாறியது, தமிழ் அசையவில்லை’ என்ற முறைப்பாட்டின் காரணம் இதுதான். பாணியைத் திருத்தும் பெட்டியில் எழுத்துமுறைத் தெரிவை மாற்றி, இரண்டாவது தடவையும் அளவைக் கொடுக்க வேண்டும்.

எந்த அளவு? 12 என்று சஞ்சிகை சொன்னால் அது பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் சொன்னது. லதாவில் 12 என்பது பக்கத்திலிருக்கும் டைம்ஸ் 12ஐ விடப் பருத்துத் தெரியும்; பாமினியில் 12 இளைத்துத் தெரியும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவை 10.5 அல்லது 11இல் வைத்து, ஆங்கிலத்தை 12இல் விட்டால் இரண்டும் ஒரே உயரத்தில் உட்காரும். தமிழ் எழுத்துருக்கள் மேலும் கீழும் அதிக இடம் கேட்பதால், தமிழும் ஆங்கிலமும் கலந்த பந்தியில் வரி இடைவெளி ஏறி இறங்கும். ஒற்றை, ஒன்றரை என்று விடாமல் ‘சரியாக’ 18 புள்ளி என்று பூட்டினால் சீராகும். ஆனால் 14க்குக் கீழே இறக்கினால் ‘கீ’, ‘ஞூ’ போன்றவற்றின் தலையும் வாலும் வெட்டுப்படலாம்.

சாய்வெழுத்தையும் மறந்துவிடுங்கள். அடிக்கோட்டுக்குப் பதிலாகச் சாய்வெழுத்து என்று நிபந்தனைப் பட்டியல்கள் கேட்பது ஆங்கில மரபு. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான சாய்வு வடிவம் இல்லை. மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் போதும் என்று பதிப்பாசிரியரிடம் எழுதிக் கேட்டால் மறுப்பவர் அரிது. இரு பக்கமும் சமப்படுத்துவதும் அப்படித்தான். ‘கூட்டிக்கொண்டுபோகப்பட்டவர்களுடைய’ போன்ற சொற்கள் வேர்டில் வரி முடிவில் உடைவதில்லை. முழுச் சொல்லும் அடுத்த வரிக்கு ஓடிவிட, மேல் வரியில் ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டிய பந்தியே வாசிக்க இதமானது.

லேடெக் பற்றி ஆர்வம் உள்ளவர்கள் நம்மிடையே கூடி வருகிறார்கள். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் மண், நோய், விளைச்சல் என்று ஆங்கிலத்தில் எழுதுபவருக்கும், சமன்பாடு நிறைந்த பொறியியல், கணிதக் கட்டுரைகளுக்கும் அது தகும். கட்டுரைகளை இணையத்தில் திறந்து வைக்கும் ஆர்க்கைவ் களஞ்சியம் லேடெக்கில் செய்த கட்டுரைக்கு மூலக் கோப்பையே கேட்கும். பிடிஎப்பை மட்டும் கொடுத்தால் ஏற்காது. ஆனால் தோட்டத் தொழிலாளர் வாய்மொழி வரலாற்றைத் தமிழில் எழுதி உள்நாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புபவர் லேடெக் கற்பது, சந்தைக்குப் போக லொறி ஓட்டப் பழகுவது மாதிரி. அந்தச் சஞ்சிகை டொக்எக்ஸ் கேட்கும். பான்டொக் என்ற கோப்பு மாற்றி கொண்டு மாற்றும்போது சிக்கலான அட்டவணைகள் சிதறும்.

அப்படியும் தமிழை லேடெக்கில் எழுதுவதென்றால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். உலாவியிலேயே லேடெக் எழுத உதவும் ஓவர்லீஃப் தளத்தில் இயல்பாக இயங்குவது பிடிஎப்லேடெக். அது யூனிகோட் தமிழைக் கையாளாது. பட்டியலில் போய் ஸீலேடெக்கை அல்லது லுவாலேடெக்கைத் தெரிய வேண்டும். எழுத்துருவை அறிவிக்கும்போது எழுத்துமுறை தமிழ் என்றும் சொல்ல வேண்டும். லுவாலேடெக்கில் ஹார்ஃப்பஸ் என்ற வரைவியையும் குறிப்பிட வேண்டும். சொல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கலாம். பயன் இல்லாமலும் இல்லை: லேடெக்கிடம் தமிழுக்கான சொற்பிரிப்பு விதிகள் இருக்கின்றன, மேலே சொன்ன ஓட்டை வரிகள் அதில் குறையும். ஓவர்லீஃப் முழுக்க இணையத்தை நம்பியது. சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகும் லயத்தில் இருந்து வேலை செய்பவர், நகரத்தில் இணையம் கிடைக்கும் நாளில் லேடெக்கைக் கணினியிலேயே இயக்கும் டெக்லைவ் பொதியை முழுதாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பல ஜிகாபைட் டேட்டா போகும்.

பிடிஎப் செய்தபின் ஒரு சோதனை உண்டு, ஒரு நிமிடம் போதும். ‘கொழுந்து’ போன்ற ஒகரச் சொல் உள்ள ஒரு வரியைப் பிடிஎப்பில் இருந்து பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ‘கொழுந்து’ என்றே விழுந்தால் சரி. கொம்பு தனியாக முன்னால் விழுந்து, ககரமும் காலும் பின்னால் வந்தால், பிடிஎப் எழுத்தை வரைந்த ஒழுங்கில் வைத்திருக்கிறது, எழுதிய ஒழுங்கில் அல்ல. கண்ணுக்கு அழகாக இருக்கும், தேடலில் அகப்படாது. வேர்டில் ‘சேமி’ வழியாகச் செய்ததையும் ‘அச்சிடு’ வழியாகச் செய்ததையும் இந்தச் சோதனையில் ஒப்பிட்டு, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ‘அச்சிடு’ வழி தலைப்புகளின் இணைப்புகளையும் கொன்றுவிடும். ஸீலேடெக்கில் மூல எழுத்தையும் பிடிஎப்புக்குள் பதிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் மதிப்பை 1 ஆக்கினால் சிக்கல் தீரும். பிடிஎப்-ஏ வேண்டுமானால் வேர்டில் சேமிக்கும் பெட்டியின் தெரிவுகளுக்குள் ஐஎஸ்ஓ 19005 என்றோ பிடிஎப்-ஏ என்றோ ஒரு கட்டம் இருக்கும், அதைக் குறியிட்டால் எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்துவிடும்.

ஆய்வுச் சுருக்கத்தை இணையப் படிவத்தில் ஒட்டும்போது எல்லை சொற்களிலா எழுத்துகளிலா என்று பாருங்கள். 250 சொற்கள் என்றால் தமிழுக்கு லாபம், ஏனென்றால் நாம் ஆங்கிலத்தின் நாலு சொல்லை ஒன்றாக்கிவிடுகிறோம். எழுத்துகளில் என்றால் நட்டம். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. கணினி இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்று கணக்கிடும். யூனிகோட்டைச் சேமிக்கும் யுடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால், பைட்டில் எல்லை வைத்த படிவத்துக்கு அது பதினைந்து.

உசாத்துணைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்த ஸொட்டேரோ என்ற மென்பொருள் போதும்; இலவசம், வேர்டோடும் லிப்ரேஒபிஸோடும் இணையும். தமிழ்ப் பெயர்களை மட்டும் இரு கட்டமாக அல்லாமல் ஒரே கட்டமாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் தந்தை பெயரின் தலையெழுத்தைக் குடும்பப் பெயராக்கி, நூலாசிரியரை அகரவரிசையில் காணாத இடத்துக்கு அனுப்பிவிடும்.

படங்களில் ஒரே ஒரு கணக்கு. சஞ்சிகை அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்டால், 15 சென்ரிமீற்றர் அகலப் படத்துக்கு ஏறத்தாழ 1,772 புள்ளி அகலம் வேண்டும். பழைய தோட்டப் பதிவேட்டைப் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். வேர்டும் தன் பங்குக்குச் சுருக்கும், மேம்பட்ட அமைப்புகளில் அதைத் தடுத்து வையுங்கள். அமைப்புகளுக்குப் போன கையோடு ‘சேமி’ பகுதியில் தானியங்கி மீட்பு இடைவெளியையும் 10 நிமிடத்திலிருந்து 2 ஆக்கிவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி முழங்கி மின்சாரம் போகும் ஊர்களுக்கு 10 நிமிடம் நீண்ட காலம்.

பெயர் மறைத்து மதிப்பிடும் சஞ்சிகைக்கு அனுப்புமுன் வேர்டின் தகவல் பக்கத்தில் ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதியை இயக்கி, ஆசிரியர் பெயர், கருத்துகள், திருத்தத் தடங்கள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. இலத்தீன் எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்டு பெயரிட்டால் எந்தத் தளமும் திணறாது. மலையக ஆய்வு சிறிய உலகம், ‘எமது முன்னைய கள ஆய்வில்’ என்ற ஒரு தொடரே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது வேறு விடயம். கடையில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் அந்த ஆசிரியர் கட்டத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள்: பெரும்பாலும் அங்கே இருப்பது கொமினிகேஷன் கடையின் பெயர்.